ஒன்பது வோல்ட் வாத்தியார்

பிளஸ் டூ இயற்பியலில் முழு அலை திருத்தி என்று ஒரு பாடம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, மின்தேக்கி, கடைசியில் நேராக ஒரு கோடு. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அந்தப் படத்தை வருஷா வருஷம் வரைகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். படத்தில் இருக்கிற சாமான்கள் கடையிலும் கிடைக்கும், தொட்டால் சுடும் என்பது மட்டும் பென்ஷன் நெருங்குகிற வயதில்தான் தெரிந்தது.

மிக்ஸி ஓடவில்லை என்று அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு ஃபியூஸ் போயிருப்பதைப் பார்த்தவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள். நாம் ஒரே கட்சி. கட்சியில் உங்களைவிட நான் சீனியர்.

பெங்களூரில் இருக்கும் என் சித்தப்பா வீடு மாறும்போது, "நீ சயின்ஸ் வாத்தியார்தானே, வச்சுக்கோ" என்று ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளிவிட்டார். உள்ளே டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் சிங்க்ளேர் கம்பெனி 1982இல் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரத்தின் அடுத்த மாடலை இங்கே டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் வாங்கி 1986இலிருந்து விற்றது. 1990 வாக்கில் சந்தை ஓயும்வரை சில ஆயிரம் விற்றதாம். மொத்த நினைவகம் 48 கே. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் அடங்காது.

பெட்டிக்குள் மேனுவல் இருந்தது, கேசட் இருந்தது, தெர்மோகோல் இருந்தது. அடாப்டர் மட்டும் இல்லை. ஓர் அடாப்டர்தானே, வீட்டில் இல்லாததா என்று பீரோவுக்கு அடியில் கைவிட்டேன். என் வாழ்க்கையில் பல காரியங்கள் அந்த "தானே"யில்தான் தொடங்கியிருக்கின்றன.

பழைய ரவுட்டர் ஒன்றின் 9 வோல்ட் அடாப்டர் கிடைத்தது. கரண்ட் வருகிறதா என்று பார்க்க அதன் முனையில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. வேறோர் அடாப்டரில் வைத்தேன். அதுவும் எரியவில்லை. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய 60 வோல்ட்டுக்கு மேலாவது வேண்டும். 9 வோல்ட்டுக்கு அது கண்ணையே திறக்காது. நல்ல அடாப்டர்களைச் செத்துவிட்டதாக அறிவித்தேன், அதுவும் மகன் எதிரில்.

அவன்தான், "ஸ்கூல்ல வோல்ட்மீட்டர் இருக்குமேப்பா" என்றான். லேபிலிருந்து முள் வைத்த வோல்ட்மீட்டரைக் கொண்டுவந்தேன். அடாப்டர் நடுவில் மைனஸ் வயரையும் வெளிவளையத்தில் பிளஸ் வயரையும் வைத்ததும், முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. வயரை மாற்றிப் பிடித்தேன். 9 காட்டியது. திருப்தி. லேபில் பையன்கள் காரணம் கேட்காமல் இப்படி வயரை மாற்றினால் மார்க் குறைப்பது நான்தான்.

அந்த முள் ஒரு தகவல் சொல்லியிருக்கிறது: இந்த அடாப்டருக்கு நடுவில் பிளஸ். இன்றைக்கு வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்பெக்ட்ரத்துக்கோ நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். அடாப்டர் முதுகில் இதைச் சொல்லவே வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் போட்டிருப்பார்கள். போட்டிருந்தார்கள். என் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. புகைகூட வரவில்லை, அதனால் பழுதில்லை என்று முடிவு செய்தேன். மகன் மேனுவலைப் புரட்டிவிட்டு, "அப்பா, இதுக்கு நடுவுல மைனஸ்ப்பா" என்றான். அதனாலென்ன என்று அடாப்டர் வயரை வெட்டி, மாற்றி முறுக்கி, டேப் சுற்றினேன். இந்த முறை டப்பா டிவியில் 36ஆம் சேனலைத் தேடிப் பிடித்ததும் படம் வந்தது. திரை முழுக்க நெட்டுக்குத்தாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். "வந்துடுச்சு பாத்தியா!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "சேலை டிசைனா?" என்றாள்.

இங்கேதான் நான் முறையாக, அறிவியல்பூர்வமாக, தப்பாகப் போனேன்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே 7805 என்று ஒரு மூன்று கால் ரெகுலேட்டர், அலுமினியத் தகடு ஒன்றில் முடுக்கப்பட்டு நிற்கிறது. உள்ளே வரும் 9 வோல்ட்டை அது 5 ஆக்கும். மிச்சம் 4 வோல்ட்டைச் சூடாக்கி வெளியே விடும். எவ்வளவு சூடு என்று தகட்டைத் தொட்டுத் தெரிந்துகொண்டேன். விரலை வாயில் வைத்தபடியே மறு கையால் அளந்தேன். 5 வோல்ட், சுத்தமாக. "பவர் சப்ளை ஓகே" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்ட அடிக்கோடு.

பவர் சரி, ஆனால் கோடு கோடாக வருகிறது. அப்படியென்றால் நினைவகச் சிப்பு போய்விட்டது. இது என் தர்க்கம். அதில் 4116 என்ற சிப்பு 8 இருக்கிறது. எது போனது என்று தெரியாததால் எட்டையும் மாற்றிவிடலாம் என்று வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போட்டேன். என்ன விலை என்று இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்திரிகை வீட்டுக்கும் வரும்.

சிப்பு வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். பழசைக் கழற்றிவைக்கலாமே என்று சால்டரிங் அயர்னை எடுத்தேன். 16 கால் சிப்பில் ஈயத்தை எல்லாக் காலிலும் ஒரே நேரத்தில் இளக்க முடியாது. நான் முதல் காலை இளக்கிவிட்டு மற்ற பதினைந்தையும் நெம்பினேன். சிப்பு வந்தது. கூடவே போர்டிலிருந்த செப்புத் தடமும் உரிந்து வந்தது.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிப் பக்கம் ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். எல்லா வழியும் அடைத்த பிறகு போகிற இடம் அது. முதலிலேயே போகலாம், ஆனால் இயற்பியல் படித்தவன் என்ற கௌரவம் ஒன்று இருக்கிறதே. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீபோர்டா சார்?"

"கம்ப்யூட்டர்ண்ணே."

"சரி, கம்ப்யூட்டர் எங்க?"

"இதேதாண்ணே."

மேற்கொண்டு கேட்கவில்லை. சில பேருக்கு வீட்டில் கஷ்டம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அவருக்கு ஸ்பெக்ட்ரம் தெரியாது, சிங்க்ளேர் தெரியாது, சர்க்யூட் படமும் இல்லை. ஆனால் போர்டில் இருந்த கெபாசிட்டர்களை வரிசையாகப் பார்த்தார். ஒன்றைக் காட்டி, "சார், இதோட பிளஸ் கால் எர்த்துல இருக்குது பாருங்க. அப்ப இந்தப் பக்கம் மைனஸ் வோல்டேஜ் ஓடணும்" என்றார். இன்னொன்றின் மேல் எழுதியிருந்த வோல்டேஜைப் படித்துவிட்டு, "இது 5 வோல்ட்டுக்குப் போடுறது இல்ல. 12 லைன் ஒண்ணு இருக்குது" என்றார். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. டீக்காசு நான் கொடுத்தேன், அந்த விஷயத்தில் என் பங்களிப்பு அதுதான்.

விஷயம் இதுதான். பவர் சப்ளை என்றால் அடாப்டரும் அந்த 7805உம் மட்டும் என்று நினைத்துவிட்டேன். 4116 பழைய காலத்துச் சிப்பு. அதற்கு 5 வோல்ட் போதாது, 12 வேண்டும், மைனஸ் 5 வேண்டும், மூன்றும் வேண்டும். அதைத் தயாரிக்க போர்டுக்குள்ளேயே ஒரு சின்னக் காயிலும் ஒன்றிரண்டு டிரான்சிஸ்டரும் வைத்திருக்கிறார்கள். காயிலில் ஓடும் கரண்ட்டை டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடும். வெட்டும்போதெல்லாம் வோல்டேஜ் எகிறும். 9 போட்டு 12 எடுக்கிற வித்தை. அடாப்டரைத் தலைகீழாக மாட்டினால் முதலில் பலியாகக்கூடியவற்றில் அந்த டிரான்சிஸ்டரும் ஒன்று. தன் மின்தூண்டல் என்ற பெயரில் இதே சங்கதியை அரையாண்டுக்கு முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன்.

"எத்தனை லைன் இருக்குதுன்னு எண்ணாம பவர் ஓகேன்னு எப்படி சார் சொன்னீங்க?"

"பாடத்துல ஒரே லைன்தாண்ணே வரும்."

நானும் அளந்து பார்த்தேன் என்று ரோஷத்தோடு சொன்னேன். எங்கே அளந்தீர்கள் என்றார். சிப்பின் 8ஆம் காலை எர்த்தாக வைத்து என்றேன். சாதாரண 16 கால் சிப்புகள் பெரும்பாலானவற்றில் 8ஆம் கால்தான் எர்த். 4116 ஏறுக்குமாறு: 1இல் மைனஸ் 5, 8இல் 12, 9இல் 5, எர்த் கடைசியில் 16இல். ஆக, நான் 12 வோல்ட் வரவேண்டிய காலை எர்த் என்று வைத்துக்கொண்டு உலகத்தை அளந்திருக்கிறேன். கிடைத்த எண்களை நோட்டில் நான்கு நிறத்தில் அட்டவணையாக வேறு போட்டிருந்தேன்.

டிரான்சிஸ்டரை மாற்றினார். நான் கழற்றிய சிப்பைத் திருப்பிப் போட்டார், உரித்த தடத்துக்குப் பதிலாக ஒரு வயர் இழுத்தார். வெள்ளைத் திரை, கீழே ஒரு வரி எழுத்து, சுத்தமாக வந்தது. எட்டுச் சிப்பில் ஒன்றுகூடப் பழுதில்லை. ஆர்டர் போட்ட சிப்புகள் அதற்கடுத்த வாரம் வந்தன. மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.

இதற்குள் சித்தப்பா ஒரிஜினல் அடாப்டரைக் கண்டுபிடித்து, பெங்களூர் பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கினேன். செங்கல் மாதிரி கனம். இப்போது நான் சுதாரித்தவன் அல்லவா, மாட்டுவதற்கு முன் அளந்தேன். 9 என்று எழுதியிருந்த அடாப்டர் 13 காட்டியது. வந்த கோபத்தில் மார்க்கர் எடுத்து அதன் மேல் "பழுது" என்று எழுதிவிட்டேன். அழியாத மார்க்கர்.

மெக்கானிக் அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து அடாப்டர் முனையில் வைத்தார். பல்பு எரிந்தது, 13 மளமளவென்று 9 பக்கம் இறங்கி நின்றது. "லோடு குடுக்காம அளந்தா இப்படித்தான் சார் காட்டும்." உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, கெபாசிட்டர், கட்டுப்படுத்த ரெகுலேட்டர் கிடையாது. வேலை கொடுக்காவிட்டால் வோல்டேஜ் ஏறியே நிற்கும். கரும்பலகையில் நான் வரைகிற அதே படம், கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்.

இதற்கு நேர் மாறானதும் உண்டு, அதுதான் ஆபத்து. கெபாசிட்டர் காய்ந்துபோன அடாப்டர் சும்மா இருக்கும்போது ஒழுங்கான நம்பரைக் காட்டும். கம்ப்யூட்டரை மாட்டினால் திரையில் பட்டை பட்டையாக நிழல் மேலேறும். மீட்டரை ஏசிக்குத் திருப்பி அதே இடத்தில் வைத்தால் கள்ளம் தெரிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் முழு அலை திருத்திக்குப் பின் 100 ஹெர்ட்ஸில் அலை மிச்சமிருக்கும். பாருங்கள், இதை மட்டும் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். இது எனக்கு நடக்கவில்லை, அதனால்தான்.

நடந்தது வேறு. மெஷின் பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயந்திரம் ஆனால் தானாகவே ரீசெட் ஆகும். ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸில் இடது பக்கம் ஒரு ரீசெட் பட்டன் உண்டு. சந்தேகமே இல்லை, பட்டன்தான் ஒட்டிக்கொள்கிறது என்று அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுநாள் சாயந்திரமும் ரீசெட். பட்டனின் வயரையே எடுத்துவிட்டேன். பட்டன் இல்லாமலேயே ரீசெட் ஆனது.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, த்ரீ ஃபேஸ் விட்டு சுத்துவட்டாரத்துல எல்லா மோட்டாரும் ஓடுது. டியூப்லைட்டே கண்ணடிக்குது, உங்க பொட்டி மட்டும் எப்படி நிக்கும்?"

எங்கள் பக்கம் தக்காளித் தோட்டம். போர்வெல் ஆழம் போகப் போக மோட்டாரும் பெரிதாகிக்கொண்டே போகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினால் வீட்டு வோல்டேஜ் 170க்கு வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது: 230க்கு 9 கொடுத்தது 170க்கு ஆறரைச் சொச்சம்தான் கொடுக்கும். 7805க்கோ, 5 கொடுக்க 7 ஆவது வேண்டும். அது கைவிரித்ததும் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று வரிக் கணக்கு. எட்டாம் வகுப்புப் பையன் போடுவான். நான் பட்டனைக் கழற்றினேன்.

காரணம் தெரிந்த உற்சாகத்தில் ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினேன். ரீசெட் நின்றது. இரவு வரை பேசிக் புரோகிராம் எழுதி, பெருக்கல் வாய்ப்பாட்டைத் திரையில் ஓடவிட்டேன். காலையில் ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓசூர் நண்பர் ஒருவர் என்னை நிபுணன் என்று நம்பினார். (2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, அந்தப் பாசமாக இருக்கலாம்.) அவரிடம் பிபிசி மைக்ரோ என்றொரு பழைய கம்ப்யூட்டர். 1984-85இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர 'கிளாஸ்' என்றொரு திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்குப் போன ரகம். மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை இங்கேயே செய்யவும் செய்தது. அந்தத் திட்டத்தில் பயிற்சி எடுத்த வாத்தியார்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். பொறாமையோடு பிளக்கைச் சொருகினேன்.

பீப் என்றது, எழுத்து வந்தது, கைகுலுக்கிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், பழுப்பு நிறத்தில் புகை, அறை முழுக்க நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நண்பருக்கு ஆறுதல் சொன்னேன். "போயிடுச்சு சார். நாப்பது வருஷம் இருந்ததே பெருசு."

போகவில்லை. அதில் இருப்பது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை. கரண்ட் நுழைகிற வாசலில், மின் இரைச்சலை வடிகட்ட, காகிதம் சுற்றிய கெபாசிட்டர் ஒன்றிரண்டு இருக்கும். வருஷக்கணக்கில் அதன் மேலோடு விரிசல் விட்டு ஈரம் இறங்கிவிடும்; கரண்ட் பாய்ந்ததும் புகையும். அது இல்லாமலேயும் கம்ப்யூட்டர் ஓடும். அன்றைக்கு நண்பர் நான் போனபிறகு மறுபடி சொருகிப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது. எனக்குச் சொல்லச் சங்கடப்பட்டு ஒரு மாதம் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது ஒரு ஷாக்கும் வாங்கினேன், பிளக்கைப் பிடுங்கிய பிறகு. 230ஐத் திருத்தினால் உச்சத்தில் 325 வோல்ட். அது உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் கரண்ட் போன பின்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கும் என்று கரும்பலகையில் எழுதிய அதே கையில்தான் அடித்தது.

மெக்கானிக் அண்ணன் கடையில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு குண்டு பல்பு, அதற்குச் சீரீஸாக ஒரு சாக்கெட். பழைய மெஷின் எது வந்தாலும் முதலில் அதில்தான் சொருகுவார். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பல்பு கரண்ட்டை வாங்கிக்கொள்ளும், மெஷின் தப்பிக்கும். நான்கு சாமான், ஒரு மரப்பலகை. நானும் ஒன்று செய்தேன். எல்.இ.டி பல்பு போட்டேன். அதில் அந்த வேலை நடக்காது.

கமோடோர் 64 என்றும் ஒரு மெஷின் உண்டு, அதுவும் 1982தான். அதன் அடாப்டர் கெட்டால் தனியாகச் சாகாது; 5 வோல்ட் வரவேண்டிய லைனில் அதைவிட அதிகமாக விட்டு, உள்ளே இருக்கும் சிப்புகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். திறந்து பார்க்கலாமென்றால் உள்ளே ரெசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். என்னிடம் அது இல்லை. ஒரு கமோடோர் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் இந்த மாதிரி ஒரு பெட்டி இருக்கலாம். மெஷின் முக்கியமில்லை, முதலில் அடாப்டரைத் தேடுங்கள். கனமான கறுப்பு டப்பா. கனமாக இருக்கிறதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பாருங்கள். ஒருவேளை வயரை நடுவில் வெட்டி, மாற்றி முறுக்கி, டேப் சுற்றியிருந்தால் அதை மட்டும் எதிலும் மாட்டாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார்.